தரையில் வார்த்து மேலே ஏற்றும் சுவர்

டெல்டாவில் எந்தச் சாலையில் போனாலும் ஊர் முடிகிற இடத்தில் ஒரு சிமெண்ட் பட்டறை இருக்கும். நீடாமங்கலம் பக்கம் போங்கள், பாபநாசம் பக்கம் போங்கள், காட்சி ஒன்றுதான். வட்ட வட்டமாக உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். பக்கத்தில் வேலிக்கால்கள் படுத்திருக்கும். தென்னை நிழலில் ஜன்னலுக்கு மேலே வைக்கிற சிமெண்ட் ஜாலிகள் சாய்ந்திருக்கும். ஒருவர் ஹோஸைப் பிடித்து எல்லாவற்றின் மேலும் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்.

என் அக்கா மகள் பாலிடெக்னிக்கில் சிவில் முதல் வருடம் படிக்கிறாள். போன லீவில் வந்திருந்தபோது, "மாமா, பெரிய பில்டிங்குக்கெல்லாம் சுவரையே தூக்கிட்டு வந்து மாட்டுறாங்களாமே, அது எப்படி நிக்கும்? காத்தடிச்சா விழாதா?" என்று கேட்டாள். கட்டட வேலையில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்ல வரவில்லை. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு இப்படி ஒரு பட்டறைக்குத்தான் போனேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் உறை. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இறக்குகிற உறையை யாரும் குழிக்குள் இறங்கி வார்ப்பதில்லை. இரும்பு அச்சு இரண்டு: பெரியது வெளியே, சிறியது உள்ளே. நடுவில் கம்பி வளையம். கலவையைக் கொட்டிக் குத்தி, மறுநாள் அச்சைக் கழற்றி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, அப்புறம் டிராக்டரில் ஏற்றி வந்து இறக்குகிறோம். எங்கே இருக்கப் போகிறதோ அங்கே வார்க்காமல், வசதியான இடத்தில் முன்பே வார்த்து, இறுகிய பிறகு கொண்டுவந்து பொருத்துவதற்குப் பெயர்தான் ப்ரீகாஸ்ட். தமிழில் முன்வார்ப்பு என்று எழுதுகிறார்கள். யோசனை நமக்குப் பழையது. சுடுமண் உறைகளை அடுக்கிய கிணறுகள் பூம்புகாரிலும் கீழடியிலும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்த உறைகளும் வேறிடத்தில் வனைந்து, சுட்டு, கொண்டுவந்து இறக்கியவைதான்.

இதற்கு நேர் எதிர் நம் வீட்டு மாடித் தளம். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, இருக்க வேண்டிய இடத்திலேயே கலவை ஊற்றுகிறோம். ஐப்பசியில் தளம் போட்டவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். பாதி ஊற்றியிருக்கும்போது வானம் கறுத்துக்கொண்டு வரும், ஆளுக்கொரு மூலையில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பட்டறையில் கூரை உண்டு. தரை சமம். வேலை இடுப்பு உயரத்தில் நடக்கிறது. கலவையின் அளவு காலையும் மாலையும் ஒன்றுதான். சரியில்லாமல் வந்த துண்டை ஒதுக்கிவிட்டு வேறொன்று வார்க்கலாம். தளத்தில் அது முடியாது. சரியோ தப்போ, ஊற்றியது ஊற்றியதுதான்.

ப்ரீகாஸ்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, எலும்பு வேலை பார்ப்பது. மின்கம்பம், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர், பாலத்தின் கர்டர், வாய்க்கால் குறுக்கே வைக்கிற பெட்டி. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை ப்ரீகாஸ்ட் பாகங்களால் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். தூண், உத்தரம், தளம் எல்லாமே வார்த்துக் கொண்டுவந்து கோத்தவை. இந்த வகையில் பலம்தான் முக்கியம், தோற்றம் இரண்டாம் பட்சம்.

இன்னொன்று, முகம் காட்டுவது. ஆங்கிலப் பேரைத் தமிழில் எழுதினால் ஆர்க்கிடெக்சுரல் ப்ரீகாஸ்ட். கட்டடத்தின் வெளித்தோல், முகப்புப் பலகைகள் (வெளிச்சுவராக மாட்டுகிற கான்கிரீட் துண்டுகள்), வெயில் தடுக்கும் செங்குத்துப் பட்டைகள், ஜாலி, கைப்பிடிச் சுவரின் மேல்மூடி, அலங்கார வளைவுகள் இதில் சேரும். பூச்சும் பெயிண்டும் கிடையாது. அச்சிலிருந்து வெளியே வந்த முகம்தான் கடைசி வரைக்கும் முகம். கிணற்றுக்குள் போகிற உறையில் ஒரு ஓட்டை இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். முகப்பில் அதே ஓட்டை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே இங்கே எல்லாக் கவனமும் இரண்டு இடத்தில் குவிகிறது: அச்சு, இணைப்பு. இந்த இரண்டும் புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அச்சைப் பற்றிச் சொல்ல டெல்டாவைவிட நல்ல இடம் கிடையாது. வார்ப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஞாபகம் வருவது சுவாமிமலை. அங்கே மெழுகில் சிலையைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சு, ஒரு சிலை. அதனால்தான் அங்கே எவ்வளவு நெளிவும் குழைவும் சாத்தியம். விரலிடுக்கும், காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பூவும்கூட வந்துவிடும். அச்சு உடையப் போகிறதுதானே.

முகப்புப் பலகையின் அச்சு உடையக்கூடாது. அதே அச்சில் 30 பலகையோ 100 பலகையோ எடுத்தால்தான் கணக்கு கட்டுப்படியாகும். எனவே அச்சு சுலபமாகக் கழன்று வர வேண்டும். அதற்காக ஓரங்களைச் செங்குத்தாக வைக்காமல் லேசாகச் சரிக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் சரிவு இருந்தால் நிம்மதி. உள்ளே போய் அகலமாகிற பள்ளம் இருந்தால் கான்கிரீட் அச்சைக் கவ்விக்கொள்ளும், பிடுங்கினால் முனை பெயரும். கட்டாயம் அந்த மாதிரி வடிவம் வேண்டுமென்றால் ரப்பர் விரிப்பை அச்சுக்குள் போட்டு, பிறகு உரித்தெடுப்பார்கள். செலவு கூடும்.

பட்டறையில் இதைக் கண்ணாலேயே பார்த்தோம். ஒரு பெரியவர் ஜாலி வார்த்துக்கொண்டிருந்தார். தரையில் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் ஓட்டை விழ வேண்டிய இடங்களில் 9 மரக்கட்டைகள். ஒவ்வொரு கட்டையும் அடியில் பருத்து மேலே சிறுத்திருந்தது. பழைய துணியை எண்ணெயில் நனைத்து ஒவ்வொரு கட்டையின் நான்கு முகத்திலும் தடவினார். கலவை ஈரமண் மாதிரி இருந்தது, கையில் பிடித்தால் பிடி நிற்கிறது, விரலிடுக்கில் தண்ணீர் வழியவில்லை. கரண்டியால் அள்ளிப் போட்டு, நடுநடுவே விரல் தடிமன் கம்பி வைத்து, ஒரு இரும்புக்குச்சியால் குத்திக்கொண்டே போனார். சட்டத்தின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டியதும் மேலே சின்னச் சின்னக் குமிழிகள் வந்து வெடித்தன. அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த என் மருமகள் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

பக்கத்தில் முந்தின நாள் வார்த்தது ஒன்று இருந்தது. அதைப் புரட்டிப் போட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். எட்டு சத்தமில்லாமல் வந்தன. ஒன்பதாவது கொஞ்சம் கிறீச்சிட்டது. "முனகுதுன்னா எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம் தம்பி" என்று சொல்லிவிட்டு நிறுத்தி, கட்டையை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்து எடுத்தார். உள்மூலையில் அரிசி அளவு ஒரு துணுக்கு பெயர்ந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அந்த ஜாலியைத் தனியாக வைத்தார். பெரிய தொழிற்சாலையில் தர ஆய்வாளர் செய்கிற வேலையும் இதுதான்.

இந்த ஜாலியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பாரிஸ் நகருக்கு வெளியே லெ ரான்சி என்ற ஊரில் ஓகுஸ்த் பெரே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கட்டி 1923-ல் முடித்த தேவாலயத்தின் சுற்றுச்சுவர் முழுக்க, வார்த்து அடுக்கிய கான்கிரீட் ஜாலிதான். ஓட்டைகளில் வண்ணக் கண்ணாடி. ஒரு சில வடிவ அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அந்தச் சுவர் முழுவதையும் நிரப்பினார். சுவர் பாரம் தாங்கவில்லை, மெலிந்த தூண்கள் தாங்குகின்றன. சுவர் வெளிச்சத்தைச் சல்லடையிட்டு அனுப்புகிற வேலையை மட்டும் பார்க்கிறது.

அச்சின் கணக்கை உலகத்துக்கே காட்டிய கட்டடம் சிட்னி ஓபரா ஹவுஸ். அந்தப் பாய்மரக் கூரைகளை முதலில் வரைந்தபோது ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு வளைவு. அப்படியே வார்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி அச்சு வேண்டும், கட்டி முடிக்கவே முடியாது. வழி தெரியாமல் ஆண்டுகள் போயின. கடைசியில் எல்லாக் கூரைகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக மாற்றினார்கள். ஒரு முழு ஆரஞ்சிலிருந்து பெரிதும் சிறிதுமாகச் சுளை எடுப்பது போல. எல்லாத் துண்டுக்கும் வளைவு ஒன்றாகிவிட்டதால், சில அச்சுகளை வைத்துக்கொண்டே விலா எலும்புத் துண்டுகளை வார்த்துத் தள்ள முடிந்தது. 1973-ல் கட்டடம் திறந்தது. மருமகளிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: ப்ரீகாஸ்டில் அழகு வேண்டுமானால் வரைபடத்தில் கை வைக்கும்போதே அச்சை நினைக்க வேண்டும். வரைந்து முடித்த பிறகு வார்ப்பவரைத் தேடிப் போனால் காலம் கடந்துவிடும்.

அடுத்தது முகம் எப்படி உருவாகிறது என்பது. பெரும்பாலும் முகத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்துத்தான் வார்ப்பார்கள். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். கண்ணாடியின் மேல் முதலில் வண்ணக் கலவை, அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும், கடைசியாகச் சாதாரணக் கலவை. காய்ந்து கவிழ்த்தால் கண்ணாடி பட்ட பக்கம் பளபளப்பாக இருக்கும். பலகையும் அப்படியே. அச்சின் அடியில் 3, 4 சென்டிமீட்டருக்கு முகக்கலவை, அதன்மேல் கம்பிக்கூடு, பின்னால் சாதாரணக் கான்கிரீட். விலை கூடிய வெள்ளை சிமெண்டும் நிறக்கல்லும் முகத்துக்கு மட்டும் போனால் போதும்.

நிறம் மூன்று இடத்திலிருந்து வருகிறது: சிமெண்ட், மணல், ஜல்லி. ஆற்று மணல் லேசான பழுப்பைத் தரும், எம்-சாண்ட் நீலம் கலந்த சாம்பலைத் தரும். பாதி வேலையில் மணலை மாற்றினால் சுவரில் சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். ஒரு முகப்புக்கு வேண்டிய மணலையும் ஜல்லியையும் முதலிலேயே மொத்தமாக எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். சிவப்பு, மஞ்சள், கறுப்பு வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடு பொடி சேர்ப்பார்கள், அவை வெயிலில் வெளுக்காதவை. நிறம் இன்னும் ஏறட்டும் என்று அள்ளிப் போட்டால் ஓர் அளவுக்கு மேல் நிறம் ஏறாது, பலம்தான் இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கல் தெரிய விடுகிற முறை. அச்சின் அடியில் சிமெண்டை இறுகவிடாமல் தாமதப்படுத்துகிற ஒரு திரவத்தைப் பூசி, அதன்மேல் வார்ப்பார்கள். சர்க்கரை விழுந்தால் சிமெண்ட் சீக்கிரம் இறுகாது என்று மேஸ்திரிகளுக்குத் தெரியும். சுண்ணாம்புக் காரையில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்த ஊர் நம்முடையது. சுண்ணாம்புக்கு நல்லது செய்த வெல்லம் சிமெண்டுக்கு எதிரி. அந்த எதிர்ப்பையே இங்கே அளந்து பயன்படுத்துகிறார்கள். மறுநாள் பலகையைத் தூக்கி நிறுத்தி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால், முகத்தில் இறுகாமல் நிற்கிற சிமெண்ட் பால் வழிந்து ஓடும். உள்ளே இருந்த கல் ஒவ்வொன்றாக வெளியே வரும். நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் வெறும் சாம்பல் பலகை. தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் சிவப்புக் கல் மினுங்க ஆரம்பித்தது. மேலிருந்து கீழாக ஒரு பட்டை, பக்கத்தில் இன்னொரு பட்டை. 10 நிமிடத்தில் பலகை முழுக்க ஈரமான கூழாங்கல் தரை போல ஆகிவிட்டது.

அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே வில்மெட் என்ற ஊரில் 1953-ல் அர்ப்பணித்த, பஹாய் சமயத்தாரின் வழிபாட்டிடத்தின் வெள்ளை முகமும் இப்படிக் கல்லைத் தெரிய விட்டதால் வந்ததுதான். வெள்ளை சிமெண்டும் நொறுக்கிய குவார்ட்ஸ் கல்லும் சேர்த்து, பூவேலைப்பாடு நிறைந்த பலகைகளாக வார்த்தார் ஜான் ஏர்லி என்ற கைவினைஞர். மண்டபத்தின் குவிமாடம் முழுக்கச் சல்லடை வேலை. தூரத்திலிருந்து செதுக்கிய கல் என்றுதான் தோன்றும்.

அமிலத்தால் லேசாக அரிக்க வைப்பது, மணலைப் பீய்ச்சுவது, கிரானைட் மாதிரி மெருகேற்றுவது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. நம் ஊர் ஈரத்தில் மிகவும் வழவழப்பான வெறும் சாம்பல் முகத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்றுக்குமிழித் துளை ஒவ்வொன்றும் தெரியும், இரண்டு மழைக்காலத்தில் பாசித் திட்டும் தெரியும். கொஞ்சம் கரடான முகம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நீட்டத்துக்கும் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளக்கோடு வைக்கச் சொல்லுங்கள். மழைநீர் அந்தக் கோட்டில் அறுந்து கீழே சொட்டிவிடும், சுவரில் அழுக்குக் கோடாக வழியாது. செலவு ஏதுமில்லை, அச்சில் ஒரு குச்சி ஒட்டினால் போதும்.

எடை, பாதை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3 மீட்டர் உயரம், 1.5 மீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பலகையில் 0.54 கன மீட்டர் கான்கிரீட். கம்பியோடு கன மீட்டருக்கு 2,500 கிலோ என்று வைத்தால் 1,350 கிலோ, அதாவது 27 மூட்டை சிமெண்டின் எடை. அதைப் படுக்க வைத்து லாரியில் கொண்டுவந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதே விரிசல் விடும். சாய்மானச் சட்டத்தில் நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். நம் கிராமச் சாலைகளில் வாய்க்கால் பாலம் தாங்குமா, திருப்பத்தில் டிரெய்லர் திரும்புமா, மின்கம்பி தட்டுமா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, கிரேன் நிற்கிற தரை. ஈரமான வயல் களிமண்ணில் கிரேனின் கால் புதைந்தால் பலகையோடு சாயும். அடியில் கட்டையும் இரும்புத் தகடும் போடாமல் தூக்க விடக்கூடாது. டெல்டாவில் பலகை மாட்டுகிற வேலையைத் தை முதல் ஆனி வரைக்குள் வைத்துக்கொள்வதுதான் சரி.

இனி மருமகளின் கேள்வி. காற்றடித்தால் விழாதா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்ததைப் பார்த்த மண்ணில் இது நியாயமான கேள்வி.

ஒரு பலகைக்குப் பொதுவாக நான்கு பிடிப்பு இருக்கும். இரண்டு இடத்தில் எடையைத் தாங்கும். கட்டடத்தின் தளத்திலிருந்தோ உத்தரத்திலிருந்தோ நீண்ட தாங்கியில் பலகை உட்கார்ந்துவிடும். மற்ற இரண்டும் எடையைத் தொடுவதே இல்லை. பலகை முன்னால் சாயாமலும் பின்னால் தள்ளப்படாமலும் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அவற்றின் வேலை. காற்று சுவரைத் தள்ள மட்டும் செய்யாது, கட்டடத்தின் மறுபக்கத்தில் வெளியே உறிஞ்சி இழுக்கவும் செய்யும். கூரை ஓடு பறப்பது அந்த இழுப்பினால்தான். அந்த இழுப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் பிடிப்பின் போல்ட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

"நாலையும் வெல்டு வச்சு இறுக்கிட்டா இன்னும் பலம்தானே?" என்று கேட்டாள். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கான்கிரீட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 6 மீட்டர் நீளப் பலகை 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 2.4 மில்லிமீட்டர் நீளும். மேற்குப் பார்த்த சுவரில் சித்திரை மாதம் இதெல்லாம் தினப்படி நடக்கிற விஷயம். நான்கு மூலையும் இறுகிக் கிடந்தால் நீள இடமில்லாமல் பலகையே வெடிக்கும். அதனால்தான் பிடிப்பின் ஓட்டையை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாக வைக்கிறார்கள். போல்ட் உள்ளே கொஞ்சம் நகரும், வெளியே வராது.

ஆனால் பாரம் தாங்குகிற சுவர்களையே ப்ரீகாஸ்ட் பலகையால் கட்டும்போது கதை வேறு. அங்கே ஒவ்வொன்றும் அடுத்ததோடு கம்பியால் பின்னியிருக்க வேண்டும். லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு அப்படிக் கட்டியது. 1968 மே 16 அன்று காலை 18-ஆம் மாடியில் ஒரு வீட்டில் கேஸ் வெடித்தது. அந்த வெடிப்பு ஒரு பலகையை வெளியே தள்ளியது. அதைப் பிடித்துக்கொள்ளப் போதிய இணைப்பு இல்லை. அந்தப் பலகைமேல் நின்ற மாடிகள் சரிந்து, விழுந்த பாரத்தில் கீழ் மாடிகளும் சரிந்து, கட்டடத்தின் ஒரு மூலையே மேலிருந்து அடிவரை உதிர்ந்தது. 4 பேர் இறந்தார்கள். ஒரு பாகம் போனால் மற்றவை தொடர்ந்து விழாதபடி கட்டடத்தைக் கட்டிப் பிணைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. பலகைகள் நல்ல பலகைகளாக இருந்தும் இணைப்பு கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காற்றுக்கு அடுத்தது மழை. இரண்டு பலகைக்கு நடுவே 15, 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். இடைவெளிக்குள் முதலில் நுரைக்கயிறு ஒன்றைத் திணித்து, அதன்மேல் ரப்பர் மாதிரி இழுபடுகிற சீலண்ட் நிரப்புவார்கள். கயிறு இருப்பதற்குக் காரணம் உண்டு. சீலண்ட் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் மட்டும்தான் ஒட்ட வேண்டும். பின்னாலும் ஒட்டிக்கொண்டால் பலகை அசையும்போது தாராளமாக இழுபட முடியாமல் கிழிந்துவிடும். நல்ல வேலையில் முன்னால் ஒரு கோடு, உள்ளே இன்னொரு கோடு என்று இரண்டு தடுப்பு இருக்கும். முதல் கோட்டைத் தாண்டி வந்த நீர் நடுவிலேயே இறங்கி, கீழே விட்ட சிறு துளை வழியாக வெளியேறிவிடும். வடகிழக்குப் பருவமழை நேராகக் கொட்டாமல் சாய்ந்து அடிக்கிற ஊரில் ஒரே கோட்டை நம்பி இருக்க எனக்கு மனம் வராது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். சில வருடங்களுக்கு முன் வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தெரிந்தவர் ஒருவரின் தோப்புக்கு ரெடிமேட் காம்பவுண்ட் சுவர் போட்டோம். கால் நட்டு, பலகையைச் சொருகி, 4 நாளில் வேலை முடிந்தது. மூன்றாவது வருடம் பலகையில் தேநீர் வழிந்த மாதிரி பழுப்புக் கோடு. நான்காவது வருடம் கோட்டு வழியே விரிசல். விரலால் நிமிண்டினால் கான்கிரீட் தோல் உரிந்து, உள்ளே கம்பி செதில் செதிலாக வந்தது. பட்டறைக்காரர் பொறுப்பேற்கவில்லை. ஆனால் அந்தப் பலகையை அந்த இடத்துக்குச் சரி என்று சொன்னவன் நான். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

காரணம் எளிது. கம்பியைத் துருவிலிருந்து காப்பது அதன்மேல் மூடியிருக்கும் கான்கிரீட்தான். கவர் என்கிறோம். துரு பிடித்த இரும்பு, முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. நம் நாட்டு விதியான ஐஎஸ் 456, கடலோரக் காற்று படும் இடத்தில் கவர் 45 மில்லிமீட்டர், கான்கிரீட்டின் பலம் எம்30 என்ற தரத்துக்குக் குறையாமல், தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகாமல் என்கிறது. அலைச்சாரலே படும் இடமென்றால் 50 மில்லிமீட்டர், எம்35. இப்போது கணக்கைப் பாருங்கள். காம்பவுண்ட் பலகையின் மொத்தத் தடிமனே 40, 50 மில்லிமீட்டர். நட்டநடுவில் கம்பி வைத்தாலும் ஒரு பக்கம் 20 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அது போதுமாக இருக்கலாம். தரங்கம்பாடியிலும் நாகையிலும் வேதாரண்யத்திலும் அது தாங்கவே தாங்காது. கலக்குகிற தண்ணீரையும் பார்க்க வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. உப்பேறிய போர் தண்ணீரில் வார்த்தால் துருவை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறோம்.

கடலோரத்தில் மெல்லிய அலங்கார வேலை வேண்டும் என்றால் ஜிஆர்சி என்ற வழி இருக்கிறது. கம்பியே இல்லாமல், காரம் தாங்குகிற கண்ணாடி இழைகளைக் கலவையில் சேர்த்து 10 முதல் 15 மில்லிமீட்டர் தடிமனில் வார்ப்பது. எடை குறைவு, துருப்பிடிக்க உள்ளே இரும்பு இல்லை. ஆனால் அதைச் சுவரில் மாட்டுகிற கொக்கியும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் பலகை பத்திரமாக இருக்கும், மாட்டிய கை கழன்றுவிடும்.

ஒரு சின்ன வீட்டுக்கு முழு முகப்பையும் ப்ரீகாஸ்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான்கு பலகைக்கு ஒரு அச்சும் ஒரு நாள் கிரேன் வாடகையும் கட்டுப்படியாகாது. நம் கொத்தனார் கட்டுகிற செங்கல் சுவரே போதும், அதில் ஜாலியும் கைப்பிடிச் சுவரின் மேல்மூடியும் வெயில்பட்டையும் வார்த்து வைக்கலாம். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், மருத்துவமனை என்று ஒரே ஜன்னல் 40 தடவை திரும்பி வருகிற கட்டடங்களில்தான் ப்ரீகாஸ்ட் தன் முழு பலத்தைக் காட்டும்.

செய்வது என்று முடிவெடுத்துவிட்டால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதிரிப் பலகை வார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவுத் துண்டு போதாது, முழு அளவுப் பலகை வேண்டும். காய்ந்த பிறகு வெயிலில் நிறுத்தி 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் நனைத்துவிட்டுப் பாருங்கள், நிறம் எப்படி மாறுகிறது என்று தெரியும். சம்மதமானால் அதையே பட்டறையில் வைத்து, வருகிற ஒவ்வொரு பலகையையும் அதன் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடச் சொல்லுங்கள். தூக்குவதற்குப் பதித்த கொக்கி எங்கே இருக்கிறது, கவர் அளவு குறையாமல் கம்பியைத் தாங்குகிற கவர் கட்டைகள் கம்பிக்கு அடியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்பதை வார்ப்பதற்கு முன் அச்சுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். மேலே ஏற்றிய பிறகு பார்க்க முடியாது. இரண்டு பலகை மாட்டி, நடுவே சீலண்ட் அடித்து, அது இறுகியதும் ஹோஸால் அந்தக் கோட்டின்மேல் நன்றாகத் தண்ணீர் அடித்து, உள்ளே போய்த் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மிச்சப் பலகைகளை ஏற்றுவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

சீலண்ட் மட்டும் பலகை அளவுக்கு உழைக்காது. வெயிலில் கெட்டித்துப்போய் 10, 15 வருடத்தில் வெடிக்க ஆரம்பிக்கும், அப்போது கீறி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். எந்த வகை சீலண்ட், எந்த மாதம் அடித்தது என்று கட்டட வரைபடத்தின் பின்பக்கத்திலேயே எழுதி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். என் மருமகள் பட்டறையிலிருந்து திரும்பும்போது தன் நோட்டில் கடைசியாக எழுதிக்கொண்டது இதுதான். அந்த ஒன்பதாவது கட்டை வந்த ஜாலியின் படத்தையும் பக்கத்திலேயே வரைந்திருந்தாள், பெயர்ந்த மூலையோடு.